ஒரே ஒரு ஓட்டு மாறிய மலையூர்

போன ஜனவரியில் ஏற்காட்டுக்குப் போனேன். படகு விட அல்ல, ஒரு மன்னிப்புக் கேட்க. சேலத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சர்வீசில் எத்தனையோ தேர்தல் டியூட்டி பார்த்தாயிற்று. அதில் ஒன்று மட்டும் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

காலை 7.10க்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒன்றேகால் மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டைப் பிடியுங்கள், இட்லியை மேலே போய்ச் சாப்பிடுங்கள். ஏரிக்கரையிலிருந்து கரடியூர்ப் பக்கம் போய்வர, காத்திருப்பும் சேர்த்து, ஆட்டோவுக்கு 700 ரூபாய். நான் போன ஊரின் பெயர் வேண்டாம், ஓட்டு சமாச்சாரம் பாருங்கள்.

அந்தக் காலத்தில் தேர்தலுக்கு முந்தைய வாரம் அந்த ஊர்க்காரர்கள் கோயில் முன்னால் கூடி, எந்தச் சின்னம் என்று பேசி முடிப்பார்கள். பிறகு மொத்த ஊரும் அதற்கே போடும். சீட்டு முறை போய் மிஷின் வந்த முதல் சட்டசபைத் தேர்தலில், அங்கே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து விரலுக்கு மை வைத்தவள் நான். முந்தின நாளே போய்த் தங்கினோம். வெளியே கோடை மழை, உள்ளே சூடான களியும் கீரையும். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினோம். அந்த நாட்கள் திரும்பக் கிடைக்குமா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

மறுநாள் வெள்ளையம்மா என்ற பெண் விரலை நீட்டியபடியே மெல்லக் கேட்டாள்: “ஏனுங்க டீச்சர், நான் மாத்திப் போட்டா ஊருக்குத் தெரியுமுங்களா?”

“ஒருத்தருக்கும் தெரியாதும்மா” என்றேன்.

நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன். சீட்டுக் காலத்தில் பல ஊர்ச் சீட்டுகளையும் கலந்துதான் எண்ணுவார்கள். மிஷின் சாவடிவாரியாகச் சொல்லிவிடும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் அந்தச் சாவடியில் ஒரே ஒரு ஓட்டு மட்டும் மாறி விழுந்திருந்தது. மை வைக்கும்போது என்னிடம் கிசுகிசுத்தவள் என்று, ஊர்க்கூட்டத்தில் அவளை நிறுத்தி விசாரித்தார்களாம், அவளும் தான்தான் என்று ஏற்றுக்கொண்டாளாம். அந்தப் பள்ளி வாத்தியார் பின்னால் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

இந்த முறை போகும் வழியில், அதே ஊர்க்காரரான ஆட்டோக்காரரிடம், “இப்பவும் ஊரே ஒரே சின்னத்துக்குத்தானா?” என்று கேட்டேன்.

“அட நீங்க ஒண்ணுங்க! எங்க ஊட்லயே மூணு கட்சிங்க” என்று சிரித்தார்.

வெள்ளையம்மா வாசலில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. சட்டென்று அடையாளம் கண்டுகொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அது என் ஓட்டே இல்லீங்க டீச்சர். நீங்க சொல்லியும் நொம்ப பயமாப் போச்சு, ஊரு சொன்னதுக்கே அமுக்கிட்டேன். மாத்திப் போட்டது இவருதானுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

“அப்புறம் ஏன் நீ ஏத்துக்கிட்டே?”

“இவருன்னு தெரிஞ்சா ஊரை உட்டே ஒதுக்கியிருப்பாங்க. நானுன்னா, புது மிஷினு, பொம்பளை, ஒண்ணுந் தெரியாம அமுக்கிட்டான்னு உட்ருவாங்கல்லீங்க? நீங்க இதைப் பத்திரிகையில எழுதறதுன்னாலும் எழுதிக்குங்க, இப்ப யாரு கேக்கறா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் பட்ட பாடு ஒரு பக்கம், அந்தக் கூட்டத்தில் அவள் தனியாக நின்றது ஒரு பக்கம்.

ஜனவரியில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். கரடியூர்க் காட்சிமுனையைப் பனி இறங்குமுன் பார்த்துவிடுங்கள். மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, மூன்று மணிக்கே கிளம்புவது நல்லது. நானும் அந்த அவசரத்தில்தான் எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே, “அடுத்த தேர்தல்ல என்ன பண்ணினே?” என்று கேட்டேன்.

“அதுக்கப்புறம் எல்லாம் என் இஷ்டத்துக்குத்தானுங்க. ஒண்ணுந் தெரியாதவள்னு பேரு வந்திருச்சு, யாரும் கேக்கல. ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறுன ஓட்டு கூடிக்கிட்டே போச்சுங்க. பத்து ஓட்டு மாறி விழுந்தப்பவும், பத்தையும் நாந்தான் தப்பா அமுக்கிட்டேன்னு ஊரே சொல்லிக்கிச்சு.”