நாலு சொட்டு அமோனியா

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலத்தின் கடைசி ஆண்டுகளில், மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தேன். மலமும் சளியும் மூத்திரமும் பார்க்கிற வேலை. ஒரு குழந்தையின் மூத்திரத்தைப் பார்க்க முடியாமல் போனது. அதற்குப் பாதிக் காரணம் நான்.

புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவனின் முதல் குழந்தை அது. குறைமாதம். உடம்பெல்லாம் மஞ்சள், தோலில் நீலப் புள்ளிகள், வயிறு வீங்கியிருந்தது. எஸ்டேட்டில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் பார்த்தவுடன், தாயின் மேகநோய், சிபிலிஸ் என்று சொல்லிவிட்டான். சோதனை கிடையாது, வாய்தான். தொழிலாளர் லயம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது.

எங்கள் லேப்பில் தாயின் இரத்தத்தைப் பார்த்தோம். மேகநோய் இல்லை. அப்படியானால் என்ன நோய் என்று கணவனின் அண்ணன் கேட்டார். இன்னும் தெரியாது என்றோம். தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். வார முடிவில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

எங்கள் டாக்டர் ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தார். இப்படிப் பிறக்கும் சில குழந்தைகளின் மூத்திரத்தில் ஆந்தைக் கண் போலப் பெருத்த செல்கள் தெரியுமாம்; கண்டால் இது வேறு நோய் என்று காட்டிவிடலாம் என்று கணவனிடமும் சொன்னார். இன்று அந்தக் கிருமியை சைட்டோமெகலோ வைரஸ் என்கிறார்கள், இயந்திரத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அன்று மைக்ராஸ்கோப் மட்டும்தான். மூத்திரம் புதிதாக இருக்க வேண்டும், நேரமானால் செல் சிதைந்துவிடும். நான் கணவனிடம், "காலையில புடிச்சு, கெடாம கொண்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் பாட்டிலைத் திறந்தேன். நெடி மூக்கைப் பிய்த்தது.

"என்னாய்யா, போன வாரத்து மூத்திரமா?"

"இல்லீங்கய்யா, விடிஞ்சதும் புடிச்சதுதான். கெடக்கூடாதுன்னு நாலு சொட்டு அமோனியா ஊத்துனேன். வாளிப் பாலு உறையாம இருக்க ஊத்துவோம்லா, அது மாதிரி. கேட்டுல சோதனை போடுற போலீஸ்காரன் மோந்து பாத்துட்டு ரெண்டடி தள்ளிப் போயிட்டான்."

"ரப்பர் பாலும் மூத்திரமும் ஒண்ணாய்யா? மண்டையில என்னா இருக்கு?"

கத்தினேன். மெஷினில் சுழற்றி, அடியில் தங்கியதில் சாயமேற்றிப் பார்த்தேன். ஒரு செல்கூட முழுசாக இல்லை.

"நாளைக்குப் புள்ளையவே தூக்கிட்டு வா. இங்கயே புடிச்சுக்கிறேன்."

அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் ஒரு லாரியைச் சுட்டுவிட்டார்கள். இரண்டு நாள் முழுக் கர்பியூ. எஸ்டேட்டின் முள்வேலிக் கேட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் தனியாக வந்தான். பிள்ளையைப் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"ஐயா, அந்த ஆந்தைக் கண்ணு இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. அண்ணன் நாளைக்கு அவள பஸ் ஏத்திடுவாரு."

"பாக்காதத எப்படிய்யா எழுதுறது?"

"டிரஸ்ஸரு பாக்காமத்தானே சொன்னாரு?"

தாயின் இரத்தத்தில் மேகநோய் இல்லை என்று தமிழில் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்திக் கொடுத்தேன். அந்த அதிகாரம் எனக்கு இல்லை. மேலதிகாரி பிறகு திட்டினார். திட்டட்டும்.

அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "என்னா நோய்னு இதுல இல்லையேய்யா."

"இல்ல."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் அந்த எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருவரிடம் விசாரித்தேன். அவளை அனுப்பிவிட்டார்களாம். புருஷனும் கூடவே பஸ் ஏறிவிட்டானாம். எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. டிரஸ்ஸர் அங்கேயேதான் இருந்தான்.