ஆறு வீட்டு வருமானம்

கல்லூரியில் சேரும்போது வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மாவும் நானும் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் போய் நின்றோம். அம்மா மந்தைவெளியில் வீட்டு வேலை செய்கிறாள். அப்பா போனபிறகு எங்களுக்கு அந்தச் சம்பாத்தியம்தான்.

"எத்தனை வீட்ல வேலை பாக்குறீங்க?" என்றார் வி.ஏ.ஓ.

"ஆறு சார்" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

நாலுதான். வெளியே வந்ததும் கேட்டேன்.

"நாலு வூடுன்னா இவ எங்க பீஸ் கட்டப்போறான்னு நெனைக்கமாட்டாங்களா? காலேஜ்ல சேத்துக்கவே மாட்டாங்க."

சம்பந்தம் பேசும் இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்களே, அப்படித்தான் அம்மா அந்தச் சான்றிதழை நினைத்திருந்தாள். இல்லாதவர்கள் என்று எழுதிக் கொடுத்தால்தான் உதவித்தொகை கிடைக்கும் என்று விளக்கினேன். "இது இன்னா நியாயம்?" என்று கேட்டாள்.

முதல் வருஷம் தப்பித்தோம். ஆறு வீட்டு வருமானமும் வரம்புக்குள்தான் இருந்தது, உதவித்தொகை வந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவக்கரையிலிருந்து எங்களைக் கிளப்பிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருவோம். அம்மா மந்தைவெளியில் இறங்கிக்கொள்வாள், நான் மயிலாப்பூரில் கல்லூரிக்குப் போவேன்.

மறு வருஷம் மாநில பட்ஜெட்டில் உதவித்தொகைக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். பேப்பரில் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கல்லூரி அலுவலகத்தில் இருந்த கிளார்க் மேடம் சொல்லித்தான் புரிந்தது. வருமான வரம்பை இறக்கிவிட்டார்கள். நாலு வீடு என்றால் உண்டு, ஆறு வீடு என்றால் இல்லை.

"புதுசா சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாம்மா. பத்து நாள்தான் டைம். இல்லேன்னா முழு பீஸும் நீதான் கட்டணும்" என்றார்.

அன்று வீட்டில் நான் பேசியது பேச்சே இல்லை. "உன் ஜம்பத்தால என் படிப்பு போச்சு. பீஸ் யாரு கட்டுவா?" என்று கத்தினேன். அம்மா பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். மறுநாளிலிருந்து எனக்கு முந்தின பஸ்ஸில் தனியாகக் கிளம்பிப் போனாள். கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் திரும்பவும் வி.ஏ.ஓ.விடம் போனோம். போகும் வழியெல்லாம் "நாலுன்னு சொல்லும்மா, நாலு" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஆறு சார்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். "இப்பவும் ஏம்மா பொய் சொல்ற?"

"பொய் இல்லடி. பீஸ் கட்டணும்னு கத்துனல்ல? மறுநாளே நான் வேல பாக்குற தெருவுலயே ரெண்டு வூடு புச்சா புடிச்சிட்டேன். இப்ப மெய்யாலுமே ஆறு."

நிமிர்ந்து நின்று சொன்னாள். உள்ளே போய் நாலு என்று மாற்றிச் சொல்லும்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.