அத்தை உள்ளே வந்த நாள்

வளைகுடா நாட்டு வேலையை விட்டு அத்தை நிரந்தரமாகத் திரும்பி வந்த காலையில், வாடகைக் காரிலிருந்து இறங்கியவர் எங்கள் வீட்டு இரும்புக் கதவைத் திறக்கவில்லை. இரண்டு பெட்டிகளையும் மதிலோரமாக நிறுத்திவிட்டு, முகக்கவசத்தை மூக்கின் மேல் அழுத்திக்கொண்டு, தெருவிலேயே நின்றார். "அண்ணி, மொதல்ல ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விடுங்க. காத்து நல்லா ஓடட்டும். அப்புறம் வர்றேன்" என்றார். வாசலுக்கு ஓடிய என்னைக் கை நீட்டித் தடுத்து, "நீ மாடிக்குப் போ. இந்த நேரத்துல என் பக்கத்துல வரக்கூடாது" என்றார். நான் கருவுற்றிருந்த செய்தி அப்போது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். கொசுவுக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்த கூடத்து ஜன்னல் ஒன்று பெயின்ட் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அம்மா அதைச் சப்பாத்திக் கட்டையால் தட்டித் தட்டித் திறக்கும்வரை அத்தை வெயிலில் நின்றிருந்தார். பால் வாங்கிக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரர், "இன்னா சிஸ்டர், லீவா? எப்போ ரிட்டர்ன்?" என்று வழக்கம்போல விசாரித்தார். உள்ளிருந்து அம்மாதான் பதில் சொன்னார்: "லீவுதாண்ணே. இந்தத் தடவை கொஞ்சம் பெரிய லீவு."

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தபோது, திண்டுக்கல் பக்கத்திலிருந்து அவரோடு வந்து, குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளில் எங்களோடு தங்கி, செவிலியர் படிப்பை முடித்தவர். பிறகு கடல் கடந்து போனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து ஒரு மாதம் இருப்பார். மற்ற நாட்களில் எங்களுக்கு அவர் ஒரு குரல். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கால் சுளுக்கினாலும், மருத்துவர் எழுதிய மாத்திரையில் ஐயம் எழுந்தாலும் அத்தைக்குத்தான் போன் போகும். "நாக்கை நீட்டச் சொல்லு. என்ன நிறத்துல இருக்கு?" என்று அங்கிருந்து கேட்பார். நாங்கள் விளக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்வோம். அப்பா மாரடைப்பால் இறந்தபோது மட்டும் அந்தக் குரலுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பாஸ்போர்ட் மருத்துவமனை நிர்வாகத்திடம் இருந்ததால் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. அதன்பின் அண்ணனூரில், ரயில் பணிமனைக்குப் பின்புறம் அப்பா கட்டிய இந்த வீடு அம்மாவின் வீடானது. அம்மா வயதில் அத்தையைவிட இளையவர், உறவில் மூத்தவர். ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றே அழைத்துக்கொள்வார்கள். அந்த மரியாதையில் இருந்த இடைவெளியை அப்பாதான் நிரப்பிவந்தார் என்பது அவர் போன பிறகே எங்களுக்குப் புரிந்தது.

அத்தைக்கு அங்கே வந்தது காசநோய். பொது மருத்துவப் பிரிவில் நோயாளிகளின் அருகிலேயே பணியாற்றியவருக்கு அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆராய வேண்டியதில்லை. தொடக்கத்தில் இருமல்தான். விசா புதுப்பிக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால், உடன் பணியாற்றிய மருத்துவரிடம்கூடக் காட்டாமல் இருமல் மருந்தைக் குடித்தே அதை மறைத்துப் பார்த்திருக்கிறார். விசாவுக்கான மார்பு எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுத்தது. தாம் வேலை பார்த்த அதே மருத்துவமனையின் தனியறையில் அவரை வைத்துச் சில வாரங்கள் மருந்து கொடுத்தார்கள். கிருமி பரவாத நிலை வந்ததும் விசாவை ரத்து செய்து டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். நோய் முற்றிலும் குணமானாலும் நுரையீரலில் வடு இருக்கும், வடு இருக்கும்வரை அந்நாட்டில் இனி வேலை கிடையாது என்பது விதி. அந்தத் தனியறை நாட்களைப் பற்றி அத்தை ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினார். "இத்தனை வருஷம் அந்தக் கதவுக்கு வெளிய சாப்பாட்டுத் தட்டை வெச்சிட்டுப் போனவ நான். அப்போதான் உள்ள இருந்து பார்த்தேன். தட்டை வெச்சிட்டு எவ்வளவு வேகமா நடக்கிறாங்க தெரியுமா? நானும் அப்படித்தானே நடந்திருப்பேன்!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இங்கே வந்ததும் முன்னறையைத் தமக்கென எடுத்துக்கொண்டார். தட்டு, தம்ளர், துவாலை எல்லாவற்றையும் தாமே பிரித்து வைத்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரைகள். அவற்றை விழுங்கிய பின் குமட்டலோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பணிமனைக்குள் மெல்ல நகரும் மின்ரயில்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஆறு மாதச் சிகிச்சை முடிந்து அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துப் பார்த்த மருத்துவர், முழுமையாகக் குணமாகிவிட்டது, யாரோடும் எப்போதும்போலப் பழகலாம் என்று என் முன்னிலையிலேயே சொன்னார். நான் சமூகப்பணி படித்தவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளரிடையே இதே நோயைப் பற்றிப் பேசிப் பழகியவள். மருத்துவர் சொன்னதை அன்றே அம்மாவிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்குத் தெரியாததா?" என்று மட்டும் கேட்டார் அம்மா. அத்தையின் தட்டு தனியாகவே இருந்தது.

அந்த நாட்களில் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த மருத்துவமனை மீதுதான். பணியிடத்தில் தொற்றிய நோய்க்குப் பணியாளரையே நாடு கடத்துவது என்ன நியாயம்? தூதரகத்துக்கு முறையீடு எழுத வேண்டும், ஊடகங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று வாதிட்டேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். "எழுதினா என்ன ஆகும்? என்கூட ஒரே ரூம்ல மூணு பொண்ணுங்க இருந்தாங்க. மறுநாளே அவங்களை வரிசையில நிக்க வெச்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. அதுல ஒருத்திக்குப் பழைய வடு இருந்தாலும் போச்சு. அவங்க வீட்டுல அடுப்பு எரியறது அந்தப் பொண்ணை நம்பித்தான்" என்றார். நோய் இருந்தால் கண்டுபிடிப்பது அந்தப் பெண்களுக்கும் நல்லதுதானே என்று நான் சொன்னேன். "கண்டுபிடிச்சா வைத்தியம் பார்க்கிற இடமா இருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேன். கண்டுபிடிச்சா வெளிய தள்ளுற இடத்துல எவ காட்டுவா? நான் காட்டினேனா?" என்று திருப்பிக் கேட்டார். கிருமியைவிட, நோயைத் தண்டிக்கும் விதிதான் நோயை அதிகம் பரப்புகிறது என்பதை எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. முறையீட்டை எழுதவில்லை. அது சரியா என்று இன்றும் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அறுவைச் சிகிச்சையில் மகள் பிறந்து, அம்மா வீட்டின் உள்ளறையில் நான் படுத்திருந்தபோது, அத்தை அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டவே இல்லை. முகக்கவசத்தோடு கதவருகே நின்று எல்லாம் சொல்வார். "தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி. பால் குடிச்சதும் உடனே படுக்க வைக்காதே. கண்ணு மஞ்சளா இருக்கா, வெளிச்சத்துல பார்த்துச் சொல்லு." நாங்கள் பார்த்துச் சொல்வோம். கடல் கடந்து இருந்தபோது நடந்தது போலவே எல்லாம் நடந்தது. இவ்வளவு அருகில் வந்த பிறகும் அவர் குரலாகவே இருந்தார். எங்களுக்கும் அது பழகியிருந்தது. உண்மை தெரியாமல் பேசியவர் குழந்தையைக் குளிப்பாட்ட வரும் அக்கா ஒருவர்தான். "இன்னா நர்ஸக்கா, வாசப்படிலயே நின்னுகினு ஆர்டர் போட்டுகினு கீறீங்க? பெரிய டாக்டரு கணக்கா! உள்ள வந்து ஒரு கை புடிக்கிறது! கொயந்த கடிச்சிடுமா?" என்று கேட்டு அவர் சிரித்தபோது அத்தையும் சிரித்தார். அம்மா வெந்நீரை விளாவத் தொடங்கினார். அன்று மாலை அத்தை என்னிடம், தென்மாவட்டத்தில் கன்னியர்கள் நடத்தும் மகளிர் இல்லம் ஒன்றில் இடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். "பாப்பா ஞானஸ்நானம் முடியட்டும். கிளம்பிடறேன். அங்கே ஜெபம் இருக்கு, தோட்டம் இருக்கு." அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். "சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்லலை" என்றார். அம்மாவிடம் கேட்டபோது, "அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன சொல்ல?" என்றார்.

ஞானஸ்நானத்துக்கு முந்திய வாரம் பெருமழை. அயனம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். குளிப்பாட்டும் அக்காவால் வர முடியவில்லை. குழந்தை நசநசப்பில் அழுதுகொண்டே இருந்தது. என் வயிற்றுத் தையல் ஆறவில்லை. மூட்டுவலிக்காரரான அம்மாவால் தரையில் கால் நீட்டி உட்கார முடியாது. வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று அவர் நின்றபோது, கதவருகிலிருந்து அத்தை சொன்னார்:

"துணியை நனைச்சுத் துடைச்சு விட்டாலே போதும் அண்ணி."

"போதும்னா நீங்களே வந்து துடைங்க" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"நானா? உங்களுக்குப் பயமா இல்லையா அண்ணி?" என்று அத்தை கேட்டார்.

"இருந்துச்சு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சரியாப் போச்சுன்னு டாக்டர் சொன்ன பிறகும் நீங்க இந்தப் படியைத் தாண்டலையே. நீங்க நர்ஸு. எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் ஒதுங்கி இருக்காங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. நீங்க கூப்பிடலை. அண்ணன் இல்லாத வீடு. கூப்பிடாம எப்படி வருவேன்?"

அம்மா கையிலிருந்த செம்பை வைத்தார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. "நல்லா இருக்கு கதை! நீங்க எனக்கு மரியாதை குடுங்க, நான் உங்களுக்கு மரியாதை குடுக்கறேன், பிள்ளை குளிக்காமக் கிடக்கட்டும்! மொதல்ல அந்த முகமூடியைக் கழட்டுங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தே வருஷம் ஆகப்போகுது."

அத்தை முகக்கவசத்தைக் கழற்றினார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார். "ஆபரேஷனா பண்ணப் போறீங்க? தண்ணி ஆறுது" என்று அம்மா அதட்டினார். குளியலறைத் தரையில் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்த அத்தையின் கணுக்கால்களில் குழந்தையைக் கிடத்தியபோதுதான் இன்னொரு உண்மை வெளிவந்தது. அத்தைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாது. பணிக்காலம் முழுவதும் பெரியவர்களின் வார்டிலேயே இருந்தவர் அவர். நரம்பைத் தேடி ஊசி ஏற்றிய அந்தக் கைகள், வழுக்கும் அந்தச் சிறு உடம்பை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறின. இப்போது அம்மா கதவருகே நின்று சொல்லிக்கொடுத்தார்: "கழுத்தைத் தாங்குங்க. ஐயோ, அவ்வளவு இறுக்கி இல்லை. மூஞ்சியில ஊத்தாம, பின்னால, பின்னால." குழந்தை ஒரு கணம் அழுகையை நிறுத்தி மூடாத அந்த முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு அத்தையின் புடவையை நனைத்தது. "இவ எனக்கே ஞானஸ்நானம் குடுத்துட்டா அண்ணி!" என்று அத்தை கத்தினார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் போனில்தான் கேட்டிருந்தேன். பெரியவர்கள் இருவரும் அன்று வெகுநேரம் வெந்நீர் ஆவிக்குள்ளேயே இருந்தார்கள். எதையோ பேசினார்கள். நான் காதைத் திருப்பிக்கொண்டேன்.

மகளிர் இல்லத்தைப் பற்றி அதன்பின் பேச்சு எழவில்லை. யாரும் யாரையும் தடுக்கவும் இல்லை. இப்போது என் மகள் மழலையர் பள்ளிக்குப் போகிறாள். அத்தை திருமுல்லைவாயில் அருகே ஒரு சிறு மருத்துவமனையில் காலை வேலைக்குப் போய்வருகிறார். நுரையீரலில் வடு அப்படியேதான் இருக்கிறது. எந்த நாட்டுக்கும் இனி வேலைக்குப் போக அவர் விண்ணப்பிக்கப் போவதில்லை. வெளிநாட்டில் நோயுற்றுத் திரும்புகிறவர்களைப் பற்றி நாம் பேசும்போது, அவர்கள் அங்கே இழந்ததைத்தான் பெரும்பாலும் கணக்கெடுக்கிறோம். இங்கே அவர்களுக்கென ஓர் இடம் தானாகவே காத்திருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். அப்படி இருப்பதில்லை. யாராவது ஒருவர் வாய்விட்டு அழைக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஞாயிறு நான் அம்மா வீட்டில் இருந்தேன். கூடத்தில் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அத்தையுடன் அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த பெண்களில் ஒருத்தி போனில் பேசினாள். ஸ்பீக்கரில் அவள் இருமல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எத்தனை நாளாக என்று அத்தை கேட்டார். ரொம்ப நாளாகிவிட்டது, விசா புதுப்பிக்க வேண்டும், அதனால் சொல்லவில்லை என்றாள் அந்தப் பெண். "மறைக்காதேடி. நான் பண்ணின தப்பை நீ பண்ணாதே. நாளைக்கே போய்க் காட்டு" என்றார் அத்தை. "காட்டினா அனுப்பிடுவாங்கக்கா. ஊருக்கு எப்படிப் போவேன்? தங்கச்சிக்கு வரன் பார்த்துட்டு இருக்காங்க. இந்த நோயோட போய் நின்னா..." என்று அவள் அழத் தொடங்கினாள். அத்தை போனை மார்போடு அணைத்து மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அவரைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இங்கே எப்போ வர்றாள்னு கேளுங்க. ஏர்போர்ட்டுக்கு நான் போறேன்."