மாவு மில்லுக்கு ஒரு காயில்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு காயிலைச் சோதித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம்போல் மின்சாரம் இல்லை. நான் கரியடுப்பில் கீரைக்கு நிலக்கடலைப் பொடி தூவிக்கொண்டிருந்தேன். சமையலறை மேசையில் அவள் என் மீட்டரை வைத்துக்கொண்டு, பழைய சாமான் கடையில் வாங்கிய காயிலை, மில் மோட்டாரை ஓட்டிவிடும் கான்டாக்டர் சுவிட்சுக்கானதை, அளந்தாள்.

"எவ்வளவு காட்டுது?" என்றேன்.

"ஆயிரத்து நானூறு ஓம். நானூறு வோல்ட் காயில்தான். எந்தப் புண்ணியவானோ போன தடவை மில்லுல இருநூத்து முப்பது வோல்ட் காயிலைப் போட்டு எரிச்சிருக்கான்."

வேண்டுமானால் மில்லுக்கு நானே வந்து மாட்டுகிறேன் என்றேன். பத்து வருடமாகச் செப்புச் சுரங்கத்தில் எனக்கு இதுதான் வேலை.

"நீ கீரையைப் பாரு, சொம்பா. அடிப்பிடிக்குது."

அடிப்பிடித்துத்தான் இருந்தது.

அம்மாவின் பெயர் கசோண்டே. வயது நாற்பத்தொன்பது. எங்கள் ஊரான ன்டோலாவின் மின் அலுவலகத்தில் பதினோரு வருடம் புகார் தொலைபேசி எடுத்தாள். அப்பா இறந்தபோது கிடைத்த வேலை. அது அவளுக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று ஊரே கேட்கும். அவளுக்கும் தெரியாது. "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் வீடும் இருட்டு.

பதிவு செய்கிறவளாக இருந்தது போதும், சரிசெய்கிறவளாகப் போகிறேன் என்று ஒருநாள் அறிவித்துவிட்டு, தொழிற்கல்லூரியில் மின்பணிச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

வேலை நான்கு மணிக்கு முடியும். வகுப்பு நாலரைக்கு. இடையில் மினிபஸ். நிரம்பாமல் கிளம்பாது. ஓட்டுநர் பல் குத்திக்கொண்டிருப்பான். அவள் இறங்கி நின்று, "கல்லூரி, கல்லூரி" என்று தானே கூவி ஆள் சேர்ப்பாள். வகுப்பில் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். அவள் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு அவளுக்கே சந்தேகம் தீர்த்துவைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஒரே மழைக்காலத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு அறுந்தது. எல்லாவற்றையும் என்னிடம் குறை சொல்வாள். நின்றுவிடலாமா என்று மட்டும் கேட்டதில்லை.

அந்தத் தொலைபேசியில் அவளுக்குப் பிடித்த குரல் ஒன்றே ஒன்று. மாவு மில் வைத்திருந்த சகாலாவுடையது. அவர் ங்கோனி இனம், நாங்கள் பெம்பா இனம். முன்னோர் போரில் வெட்டிக்கொண்டவர்கள். அதனாலேயே இன்று கேலிமுறை. கண்ட இடத்தில் திட்டிக்கொள்ள வேண்டும். சாவு விழுந்தால் முறைக்காரர்தான் முன்னால் நின்று, அழுகிறவர்களைச் சிரிக்கவைத்து, காரியம் பார்க்க வேண்டும். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஆறு வருடம் தொலைபேசியிலேயே திட்டிக்கொண்டார்கள்; பெம்பா என்பதால் அவள் குரங்குதின்னி, ங்கோனி என்பதால் அவர் எலிதின்னி.

"ஏய் குரங்குதின்னி, கரண்ட்டைப் புடுங்கி எந்த மரத்துல தொங்கவிட்டே?"

"எலிதின்னிக்கு எதுக்குய்யா மில்லு? எலிய உரல்ல போட்டு இடி, போதும்."

வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய ஒரு புது அதிகாரி இந்த உரையாடலின் பதிவைக் கேட்டார். வாடிக்கையாளரை எலிதின்னி என்று அழைத்ததற்காக ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று அம்மாவுக்குக் கடிதம் கொடுத்தார். விசாரணை வியாழக்கிழமை பத்து மணிக்கு. அவளுடைய செய்முறைத் தேர்வும் அதே வியாழன், அதே பத்து மணி. தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். சம்பளம் போனால் அந்த ஒரு வருடம் காத்திருக்கவும் வழி இல்லை.

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டாள். அவர் மறுத்தார். அப்படியானால் நான் இல்லாமலே விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்து வந்த அழைப்பு சகாலாவுடையது. அன்று அவரைத் திட்டும்போது கடித விஷயத்தையும் சேர்த்தே திட்டினாள்.

வியாழக்கிழமை அவள் தேர்வுக்குப் போனாள். மோட்டார் ஸ்டார்ட்டர் இணைப்பு. ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்; நாற்பது நிமிடத்தில் முடித்து, மீதி நேரம் பக்கத்து மேசைப் பையன்களை முறைத்துக்கொண்டு நின்றாளாம்.

அதே நேரம் விசாரணை அறையில், உடம்பெல்லாம் மாவோடு சகாலா போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டதற்கு, பார்த்ததே இல்லை என்றாராம். பிறகு சொன்னதை அலுவலகம் முழுக்க மனப்பாடமாக வைத்திருக்கிறது.

"அவ எங்க குரங்குதின்னி. அவளத் திட்டுறது எங்க வேல. நீங்க யாரு சார் நடுவுல?"

உதவியாளரிலிருந்து காவலாளி வரை சிரித்திருக்கிறார்கள். மற்றவர்கள் அதிகாரியிடம் முறையைப் பொறுமையாக விளக்கினார்கள். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஆறு வாரத்தில் தேர்வு முடிவும், களப்பிரிவுக்கு மாற்றல் ஆணையும் வந்தன. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புகார் மேசை கிடையாது.

சகாலாவின் மில்லில் ஸ்டார்ட்டரின் காயில் எரிந்து கிடந்தது. என் முதல் வேலை உன் மில்தான், எலிதின்னி தொட்ட கம்பியைக் குரங்குதின்னிதான் சரிசெய்யணும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். முதன்முதலாக நேரில் பார்த்துக்கொள்வதாகவும் ஏற்பாடு.

காயிலைச் சோதித்த அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வந்த புதன்கிழமை காலை, மினிபஸ் வரிசையில் விழுந்தாள். ரத்த அழுத்தம். மருத்துவமனை வாசலில் முடிந்துவிட்டது. புகார் மேசையை விட்டுப் போக இன்னும் ஒன்பது வேலைநாள் பாக்கி இருந்தது.

சாவு வீட்டுக்கு வந்தவர்களில் யார் சகாலா என்று நான் கேட்கவேண்டி வரவில்லை. குட்டையான, வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் நேராக உள்ளே போய் அம்மாவின் அலுவலகக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"வணக்கம். ஒங்க புகார் பதிவாயிருச்சு. நான் செத்துப்போயிட்டேன். லைன்லயே இருங்க."

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனார். 

அம்மாவின் பை கதவோரம் இருக்கிறது. டெஸ்டர், இரண்டு திருப்புளி, செய்தித்தாளில் சுற்றிய காயில். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து:

சனி. எலிதின்னி மில். மெயினை அணைத்துவிட்டுக் கை வை. காயிலை மாட்டு. சொம்பாவைக் கூட்டிப்போகாதே.