முதல் வரி மட்டும் வாசித்தவள்

ஞாயித்துக்கிழமை ஜெபப் பெட்டியைத் திறக்கிறவளுக்கு சபையில உள்ள அத்தனை வீட்டுக் கஷ்டமும் அத்துப்படின்னு எல்லாரும் நினைக்காங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒவ்வொரு வீட்டுலயும் முதல் வரி மட்டுந்தான்.

வாரத்துல ஆறு நாள் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ், டைப்பிங் கடை. ஏழாம் நாள் ராஜபாளையத்துல எங்க சபையில ஜெபக் குறிப்பு வாசிக்கிற ஊழியம். வேணும்கிறவங்க தங்களோட கஷ்டத்தைச் சீட்டுல எழுதி வாசல் பெட்டியில போடுவாங்க. நான் மைக்குல சொல்லுவேன், சபை ஜெபிக்கும். கமிட்டிச் செயலாளர்தான் என்னைப் பிடிச்சுப் போட்டார். "குரல் கணீர்னு இருக்கு செல்வராணிம்மா, நீங்களே செய்யுங்க. நாலு நிமிஷம் போதும். அதுக்கு மேல போனா பின்னால டீ ஆறிரும்"னார். உங்க சபையில பாய் விரிக்கவோ, பாட்டுப் புஸ்தகம் கொடுக்கவோ, பந்தி விசாரிக்கவோ இப்படி மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஊழியத்துக்கு ஆள் பிடிக்கும்போது பேசுற பேச்சே தனி.

பெட்டி நிறைய சீட்டு, நாலே நாலு நிமிஷம். கடைப் பழக்கம் கைகொடுத்துச்சு. மனு அடிக்கும்போது மேல 'பொருள்'னு ஒரு வரி போடுவோம்ல, அதைப் பாத்தாலே ஆபீஸ்காரங்களுக்கு எந்தக் கட்டுல சேக்கணும்னு தெரிஞ்சுரும். அதே மாதிரி சீட்டோட முதல் வரியைப் பாத்து துக்கம், வேலை, பிரசவம், குடும்ப சமாதானம்னு பிரிச்சு ரப்பர் பேண்டு போட்டேன். "குடும்ப சமாதானத்துக்காக ஏழு பேர்"னு சொன்னா சபை ஆமென் சொல்லும், முடிஞ்சது. இந்தக் கெட்டிக்காரத்தனத்துல ஒரு பொண்ணு நாலு வாரமா எழுதினதை நான் வாசிக்காம விட்டேன். அதைச் சொல்லத்தான் உக்காந்தேன். எடுத்ததும் சொல்ல வாய் வரல. மத்ததைச் சொல்லிட்டு அதுக்கு வாரேன்.

எழுந்து நின்ற சபை

எங்க பக்கத்துத் தெரு தேவசகாயம் ஐயா, மில்லுல வேலை பாத்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் துக்கக் கட்டுல முதல் சீட்டு: 'தேவசகாயம் வீட்டில் நேர்ந்த மரணத்தினிமித்தம் ஆறுதலுக்காக.' நானும் குரலைத் தாழ்த்தி வாசிச்சேன். போதகர் உடனே எல்லாரையும் எழுந்து நிக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் மௌனம். பாடகர் குழு கேக்காமலே துக்கப் பாட்டை எடுத்துருச்சு. ரெண்டு பொம்பளைங்க ஐயாவோட சம்சாரத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. அந்தம்மாவும் அழுதாங்க.

ஆராதனை முடிஞ்சு சீட்டைத் திருப்பினா, ரெண்டாவது வரி இருக்கு: 'பதினோரு வருஷம் வளர்த்த எங்க நாய் டைகர்.' பேத்தி எழுதிப் போட்டிருக்கா. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். ஐயா கோபப்படல. சொன்னார்: "எங்க அண்ணன் செத்தன்னைக்கு இந்தச் சபையில ஒருத்தரும் எந்திரிக்கலம்மா. டைகர் குடுத்து வச்சவன்."

ஒருத்தியா நின்னவ

அதோட எனக்குப் புத்தி வந்திருக்கணும். வந்துச்சு, ஆனா ஒரு கட்டுக்கு மட்டும். துக்கச் சீட்டை மட்டும் கடைசி வரி வரைக்கும் வாசிக்க ஆரம்பிச்சேன். மத்தது பழையபடி.

கூமாப்பட்டியில இருந்து பஸ் ஏறி வர்ற ரூத்தக்கா போட்ட சீட்டு, 'என் மகனின் வெளிநாட்டு வேலைக்காக.' வேலைக் கட்டுல சேத்தேன். ஒத்தை மகன், ரூத்தக்காவுக்கு வேற நாதி கிடையாது. சபையே உருகி ஜெபிச்சுது, மூணு வாரம் தொடர்ந்து. பையனுக்கு விசா வந்துருச்சு. அடுத்த ஞாயிறு சந்தோஷமா அக்கா கையைப் பிடிக்கப் போனேன். கையை உருவிக்கிட்டாங்க. சீட்டோட ரெண்டாவது வரியை அவங்க சொல்லித்தான் கேட்டேன்: 'அந்த வேலை அவனுக்குக் கிடைக்காமல் போக வேண்டும்.' எனக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. அக்கா சொன்னது இன்னைக்கும் காதுல கெடக்கு: "அம்புட்டுப் பேரும் ஒருபக்கம் நின்னு ஜெபிச்சீங்களே தாயி, நான் ஒருத்தி எம்புட்டு நேரம் எதுத்து ஜெபிக்க?"

பேரும் நட்சத்திரமும்

வேலைச் சீட்டையும் முழுசா வாசிக்க ஆரம்பிச்சேன். மிச்சம் பிரசவமும் குடும்ப சமாதானமும். பிரசவத்துல என்ன வில்லங்கம் வந்துரும், சமாதானத்துல என்ன தப்பு வந்துரும்னு விட்டுட்டேன். அந்தச் சமாதானக் கட்டுல ஒரு மாசமா பச்சை மையில ஒரு சீட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு. 'ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக.' பேர் கிடையாது. மூணு வாரமும் ரெண்டா மடிச்சபடியே எடுத்து, மேல் வரியைப் பாத்துக் கட்டுல செருகினேன். நாலாவது வாரமும் அப்படித்தான் செருகினேன்.

அந்த நாலாவது ஞாயிறுதான் வரதண்ணாச்சி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் கடைக்கு ரெண்டு கடை தள்ளி பால்கோவா கிண்டுறவர். மகளுக்குத் தலைப்பிரசவம், சிக்கலா இருக்கு. "ஆண்டாள் கிட்ட சொல்லிட்டேன், ஒங்க பெட்டியிலயும் ஒண்ணு போடும்மா"ன்னு முந்தின நாளே கடையில வச்சுச் சொன்னார், எழுதிப் போட்டேன். வாசிக்கிறதைக் கேக்கணும்னு நெத்தி நாமத்தோட நேர்லயே வந்து நிக்கார். எங்க வாசல்ல வரவேற்பு ஊழியம் செய்யுற கிருபாகரன் தம்பி அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து முன்வரிசையில உக்கார வச்சார். கிருபாகரன் அப்படித்தான். அவர் சிரிச்ச முகத்தைப் பாத்துட்டுப் புதுசா வந்தவங்க மறுவாரமும் வருவாங்க.

"பிரசவத்துக்காக மூணு பேர், குடும்ப சமாதானத்துக்காக ஏழு பேர்"னு நான் சொல்லி முடிச்சு, சபை ஆமென் சொல்லியாச்சு. அண்ணாச்சி அப்பவும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். முடிஞ்ச பொறவு என்கிட்ட வந்து, குத்தமாச் சொல்லாம, நெசமாவே புரியாமக் கேட்டார்: "எங்க கோயில்ல பேரும் நட்சத்திரமும் கேட்டுத்தாம்மா அர்ச்சனை பண்ணுவாக. இங்க மொத்தமாவா?"

பச்சை மை

வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. அன்னைக்குச் சீட்டு அத்தனையும் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன், பேர் பேரா நானே ஜெபிக்கணும்னு. அடுப்புல குழம்பைக் கூட்டி வச்சுட்டு மேஜையில உக்காந்து ஒண்ணொண்ணா விரிச்சேன். பச்சை மைச் சீட்டை அன்னைக்குத்தான் முதல்முதலா முழுசா விரிச்சுப் பாக்கேன்.

'ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக. போன வாரம் முறுக்கின கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. இன்று ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது. யாராவது என்னோடு கூட வந்தால் நல்லது.'

பழைய சீட்டைத் தூரப் போட மனசு வராம பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சிருப்பேன். கொட்டித் தேடினேன். மூணும் கிடைச்சுது. மூணுலயும் மேல் வரி ஒண்ணுதான். கீழ வாரத்துக்கு வாரம் ஒரு காயம் கூடிக்கிட்டே வருது. யாருன்னு தெரியலையே ஆண்டவரேன்னு தலையில கை வச்சா, அதே மேஜையில எம் மகளோட வேதபாட நோட்டு விரிஞ்சு கெடக்கு. 'நன்று'ன்னு பச்சை மை. அதே சுழி. ஞாயிறு பள்ளி டீச்சர் எஸ்தர். கிருபாகரனோட சம்சாரம்.

அந்தச் சிரிச்ச முகமா? எத்தனை ஞாயிறு அந்தக் கையால பாட்டுப் புஸ்தகம் வாங்கியிருக்கேன். தனியாப் போகப் பயமா இருந்துச்சு, மறைக்கல. அடுப்பை அணைச்சுட்டு தேவசகாயம் ஐயா வீட்டுக்கு ஓடிச் சீட்டைக் காட்டினேன். வாசிச்சார், நாலு சீட்டையும், கடைசி வரி வரைக்கும். சட்டையை மாட்டிக்கிட்டு என் ஸ்கூட்டர்ல ஏறினார்.

கதவைத் திறந்தது கிருபாகரன்தான். "ஸ்தோத்திரம்க்கா, வாங்க, வாங்க." வாசல்ல சிரிக்கிற அதே சிரிப்பு. பின்னால எஸ்தர், முந்தானையைக் கை மேல இழுத்து விட்டுக்கிட்டு. பிள்ளைங்க பரீட்சைத் தாள் திருத்தணும், எஸ்தர் எங்க வீட்டுக்கு வரணும்னு பொய் சொன்னேன். "சாப்பிட்டுச் சாயங்காலமா அனுப்புறேன்"னார். தேவசகாயம் ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசப்படிக்கும் கிருபாகரனுக்கும் நடுவுல உக்காந்தார். "நீ கெளம்புத்தா. நான் தம்பிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்"னு சொன்னவர், தம்பி முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கல. கிருபாகரன் சிரிப்பு அப்பத்தான் நின்னுச்சு. எஸ்தர் கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு பையை எடுத்தா. துணிமணி, சர்டிபிகேட் எல்லாம் அதுல ஏற்கனவே இருந்துச்சு.

தெரு தாண்டினதும் ஸ்கூட்டர்ல என் முதுகுக்குப் பின்னால இருந்து மெதுவாச் சொன்னா: "நாலு வாரமும் நீங்க வாசிக்கும்போது உங்களையேதான்க்கா பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க தாளை விட்டு நிமிரவே இல்ல."

வாசலுக்கு ஆள்

ராத்திரி எங்க வீட்டுல இருந்தா. திங்கக்கிழமை என் கடையிலயே அவ புகாரை அடிச்சேன். அவ சொல்லச் சொல்ல, முதல்ல விவரம் முழுசும் அடிச்சேன். 'பொருள்' வரியைக் கடைசியாப் போட்டேன். இத்தனை வருஷத்துல நான் அப்படி அடிச்ச முதல் மனு அதுதான். மகளிர் காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். இப்ப எஸ்தர் கான்சாபுரத்துல அம்மா வீட்டுல இருக்கா. கை தேறிட்டு வருது, வழக்கு நடக்குது. ஞாயிறு தவறாம பஸ் ஏறி வந்து வகுப்பு எடுக்கா, பச்சை மையாலயே திருத்துதா.

அந்த வாரம் கமிட்டியில நாலு சீட்டையும் மேஜையில விரிச்சு வச்சேன். போதகர் வாசிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். கிருபாகரனை ஊழியத்துல இருந்து நிறுத்தணும்னார். அப்ப செயலாளர் ஊழியப் பட்டியலைத் திருப்பிப் பாத்துக்கிட்டே, நெசமான கவலையோட கேட்டார்: "அப்போ வர்ற ஞாயிறு வாசல்ல சிரிச்ச முகமா யாரை நிறுத்துறது?"

இப்பல்லாம் ஒவ்வொரு சீட்டையும் கடைசி வரி வரைக்கும் வாசிச்சு, மைக்குல சொல்லக் கூடாததை எடுத்து வச்சுட்டு, நிமிர்ந்து முகம் முகமாப் பாத்துத்தான் ஆமெனுக்கு விடுறேன். டீ ஆறிப்போகுதுன்னு ஜெபப் பெட்டியிலயே யாரோ ஒரு சீட்டுப் போட்டிருந்தாங்க, அதையும் முழுசா வாசிச்சேன்.