வராத விமானத்தின் பெட்ரோல் குழாய்

மலாயாவில், செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து நானும் என் அத்தை மகனும் விமானப் பயிற்சிக்குப் பேர் கொடுத்தோம். பறக்கிற ஆசையா? மண்ணாங்கட்டி! சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. பயிற்சியில் இருப்பவனைத் தொட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனோம்.

ஈப்போவில் ஜப்பான்காரன் முகாம். விமானம் வரும், வரும் என்றார்கள். அதுவரை பழக ஒரு பலகைப் பெட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு முக்காலி, பிடித்து ஆட்ட ஒரு விளக்குமாற்றுக் கட்டை, சுண்ணாம்பால் கடிகாரம்போல வரைந்த முள்வட்டங்கள், பெட்ரோல் குழாய் என்று பேர் சொல்லி ஒரு மர முளை. கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் பார்த்து, தொட்டு, 'யோஷி' என்று கத்த வேண்டும். சரியாக இருக்கிறது என்று பொருளாம். வரிசை மாறினால் கன்னத்தில் பளார். வயிற்றில் மரவள்ளிக்கிழங்கு, வாயில் யோஷி. இதுதான் எங்கள் பிழைப்பு.

மச்சானுக்கு வரிசை தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கைக்கு முன்னால் வாய் ஓடிவிடும். தோட்டத்துப் பழக்கம் அது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கவைத்துக் கங்காணி, "கத்தி தீட்டியாச்சா? பால் மங்கு கழுவியாச்சா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "ஆச்சுங்க" என்றுவிட வேண்டும். யோசித்து நின்றவனுக்கு அன்று வேலை கிடையாது.

"தொட்டுட்டுச் சொல்லு மச்சான்" என்பேன்.

"வெறும் முளைதானே லா. எங்க ஓடிப் போவப் போவுது?" என்று சிரிப்பான்.

பரீட்சை அன்று அவன்தான் முதலில் ஏறினான். எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் யோஷி போட்டான். ஜப்பான் அதிகாரி சட்டைப்பையிலிருந்து அந்த மர முளையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினான். முன்கூட்டியே பிடுங்கி வைத்திருக்கிறான், பாவி! அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்போம். அறையவில்லை. சயாம் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டான்.

நான் அதிகாரியின் காலில் விழுந்தேன். மொழிபெயர்க்க நின்ற கிராணி என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நெச விமானமா இருந்தா இவன் செத்திருப்பான்னு சொல்றாரு."

அதற்காக அவனை நெசமாகவே சாக அனுப்பினார்கள். மச்சான் லாரியில் ஏறும்போதும் அது ஏதோ விளையாட்டு என்பதுபோல என்னைப் பார்த்தான்.

எனக்குத் தேர்ச்சி என்றார்கள். ஜப்பான்காரன் தோற்று ஓடும்வரை அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் தோட்டத்துக்குத் திரும்பியதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் என்ன தப்புப் பண்ணான் மருமவனே?"

பெட்டி, முளை, பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஆகாயக் கப்பலு இப்ப எங்க இருக்கு?"

"அது கடைசிவரைக்கும் வரவே இல்ல அத்தை."

"வராத கப்பலுக்குக் குழா இருந்தா என்ன, இல்லாட்டி என்னய்யா? எம்புள்ளய ஏன் அனுப்புனானுங்க?"