கதவுக்கு நான் போட்ட இலக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனை பிரதான வீதியில் சாவியில்லாமல் திறக்கிற ஒரே கதவு எங்கள் கடைக் கதவுதான். ரேடியோவும் மணிக்கூடும் விற்கிற கடை. முதலாளி சவூதியிலிருந்து கொண்டுவந்த மின்பூட்டு. மூன்று இலக்கங்களை அமத்தினால் 'டிக்' என்று திறக்கும். அந்த இலக்கம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி, விற்பனைக்கு நின்ற நான், காரைதீவிலிருந்து வந்து காவலுக்கு நின்ற வாச்சர் அண்ணன்.

எனக்குத் தெரியும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு காலையும் மறந்துபோய் அண்ணனின் முகத்தைப் பார்ப்பேன்.

"பொம்புளப் புள்ளைட பேரெண்டா மறப்பீங்களா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தருவார்.

ரோசம் வந்து, ஒரு வியாழக்கிழமை, பூட்டோடு வந்த தாளைப் பார்த்து இலக்கத்தை 786 என்று மாற்றிவிட்டேன். பிஸ்மியின் இலக்கம், கடைக்கு நல்ல பறக்கத்துமாச்சு, மறக்கவும் மாட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. லொறியின் நெற்றியிலும் கடைப் பலகையிலும் அதையே எழுதி வைத்திருக்கிற ஊரில் அது இரகசியமாகாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை நானே திறந்தேன். "அட, மூளை வந்திட்டுப்போல!" என்றார் அண்ணன்.

அன்று கடையைப் பூட்டி, அண்ணனை வெளியில் காவலுக்கு விட்டுவிட்டு, முதலாளியும் நானும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பினோம். கதவு திறந்து கிடந்தது. இரண்டு ரேடியோக்களைக் காணவில்லை. அண்ணன் பின்னால் கிணற்றடியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நானும் இவனும் பள்ளியில. நம்பர் தெரிஞ்ச மூணாமாள் நீதானே?" என்றார் முதலாளி அண்ணனிடம்.

"பூட்டை நான் பார்க்கிறன் முதலாளி" என்று குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு, பழைய இலக்கத்தையே திரும்பப் போட்டேன். ஒருநாளும் ஞாபகம் வராத இலக்கம் அன்றைக்கு ஒரு பிழையில்லாமல் வந்தது.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க. நான் எடுப்பனா?"

"அல்லாஹ் அறிவான் அண்ணன்" என்றேன். அவன் அறிவான் என்பதில் சந்தேகமில்லை. என் பயமே அதுதான்.

அன்று பின்னேரமே அவருக்கு வேலை போயிற்று.

இரண்டு கிழமை கழித்து, பேக்கரியில் வாங்கிய ஒரு பார்சல் பணிஸோடு காரைதீவுக்குச் சைக்கிள் மிதித்தேன். வழி முழுக்க, சொல்லப் போவதைப் பாடமாக்கிக்கொண்டே போனேன். அண்ணன் வேலி கட்டிக்கொண்டிருந்தார். உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே கதைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லல்ல தம்பி. அண்டைக்குக் கடைக்குள்ள தண்ணி குடிப்பமெண்டு நம்பரை அமத்தினன். திறக்கல்ல. அதாலதான் கிணத்தடிக்குப் போனன். அதைச் சொன்னா, 'திறக்கப் பார்த்தவன்தானே நீ' எண்டுவாங்க. அதென்ன தம்பி, எனக்கு மட்டும் திறக்கல்ல?"

பாடமாக்கியதெல்லாம் தொண்டைவரை வந்தது.

"கரண்ட் போயிருக்கும் அண்ணன்."

"ஓம், அப்படித்தான் இருக்கும்" என்று என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதையும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.